எதிர்காலத்தில் ஒலிக்கும் பழைய பாட்டுகள் – 9: பொழுது சாயும் நேரத்துப் பாட்டு

'ஸ்டார் டிரெக்' படத்தில் ஸ்பாக்கின் உடலை விண்வெளிக்கு அனுப்பும்போது ஸ்காட்டி பைப் வாசித்த 'அமேசிங் கிரேஸ்' சென்ற வாரம். இந்த வாரம் 'அபைட் வித் மீ'.

நமக்குப் பழக்கமான கிறிஸ்தவப் பாட்டுதான். காந்திக்குப் பிடித்தது. ஜனவரி 29 மாலை டெல்லி விஜய் சவுக்கில் படை வாத்தியக் குழுக்கள் ஆண்டுதோறும் வாசித்துவந்தார்கள், 2022-இல் நிறுத்திவிட்டார்கள். தமிழ்ச் சபைகளில் மாலை ஆராதனையிலும் அடக்க ஆராதனையிலும் இன்றும் தமிழிலேயே பாடுகிறார்கள்.

எழுதியவர் ஹென்றி பிரான்சிஸ் லைட், இங்கிலாந்தின் பிரிக்ஸம் என்ற மீன்பிடி ஊரின் ஆயர். காசநோய் முற்றிய நிலையில் 1847-இல் ஊரைவிட்டுத் தெற்கே கிளம்பினார். நவம்பரில், இன்று பிரான்ஸில் இருக்கும் நீஸ் நகரில் இறந்தார். திரும்பிவரவே இல்லை. நோய் தீர வேண்டும் என்றுகூட இந்தப் பாட்டு கேட்பதில்லை; இருட்டும்போது ஒரு துணை, அவ்வளவுதான் கேட்கிறது. அறிவியல் கதைக்காரர்களை இது இழுப்பதற்குக் காரணம் அதுதான் என்பேன். ஊரே காலியான பிறகு எஞ்சியவனின் கதையைத்தானே அவர்கள் திரும்பத் திரும்பச் சொல்கிறார்கள்!

டேனி பாயில் 2002-இல் எடுத்த '28 டேஸ் லேட்டர்' படத்தில், கிருமி தின்று தீர்த்த லண்டனில் பெற்றோரைத் தேடிப் போகிறான் ஜிம். இருவரும் கட்டிலில் இறந்து கிடக்கிறார்கள். தாயின் கையில் அவனது சிறுவயதுப் புகைப்படம். அந்தக் கட்டத்துக்கு பாயில் தேர்ந்த பாட்டு இது. பத்தாண்டு கழித்து, 2012 லண்டன் ஒலிம்பிக் தொடக்க விழாவை இயக்கியபோதும் இதே பாட்டைப் பாடவைத்தார்.

ஆனால் என்னை உலுக்கியது 2007-இல் வந்த 'டாக்டர் ஹூ' தொடரின் 'கிரிட்லாக்' கதை. எழுதியவர் ரஸ்ஸல் டி டேவிஸ். இன்னும் 500 கோடி ஆண்டுக்குப் பிந்தைய நகரம். பூமிக்கடியில் புகை மண்டிய நெடுஞ்சாலை. பறக்கும் வண்டிகள் நகராமல் நிற்கின்றன. பத்து மைல் போக ஆறு வருஷம். வண்டிக்குள்ளேயே குழந்தை குட்டி, சாப்பாடு, தூக்கம்.

தொடரின் நாயகன், வேற்று உலகத்தவரான டாக்டர், கேட்கிறார்: இங்கே ஒரு போலீஸ் வண்டியையோ ஆம்புலன்ஸையோ என்றைக்காவது பார்த்ததுண்டா? ஒருவரிடமும் பதிலில்லை. அந்த நேரம் பார்த்து அன்றாட வழிபாட்டு அறிவிப்பு வர, எல்லா வண்டியிலும் 'தி ஓல்ட் ரக்டு கிராஸ்' என்ற கிறிஸ்தவப் பாட்டைப் பாடுகிறார்கள். இன்னொரு வண்டியில், டாக்டரோடு பயணம் வந்த மார்த்தாவுக்குக் கண் கலங்குகிறது. டாக்டர் மட்டும் பாடவில்லை. மேலேயிருந்து உதவிக்கு வர ஆளே இல்லை என்பது அவர் மனதுக்குப் பட்டுவிட்டது. மேல் நகரத்தில் கிட்டத்தட்ட எல்லோரும் எப்போதோ செத்துப்போயிருந்தார்கள்.

கடைசியில் கூரை திறக்கிறது. வண்டிகள் வெளிச்சத்துக்கு ஏறுகின்றன. சந்தில் ஒரு நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொள்கிறாள் மார்த்தா. உண்மையைச் சொல்லாமல் எழுந்திருக்க மாட்டாள். அழிந்துபோன தன் உலகம் இன்னும் இருப்பதுபோல அவளிடம் பேசியிருந்தவர் டாக்டர். எங்கிருந்தோ 'அபைட் வித் மீ' கேட்கிறது. பாடுவது அந்த நகரம். டாக்டரும் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரே உட்கார்கிறார். தன் இனத்தில் மிஞ்சியது தான் ஒருவன்தான் என்று சொல்லத் தொடங்குகிறார்.

(தொடரும்)