பெயர் மெட்ராஸ், ஊர் ஸ்காட்லாந்து: லீனோ தறியை வேகமாக ஓட்டுவது ஏன் இவ்வளவு கஷ்டம்?

வெங்காயம், உருளைக்கிழங்கு வரும் வலை மூட்டையைப் பார்த்திருப்பீர்கள். அதில் நெய்த வகை மூட்டை ஒன்றை எடுத்து, ஒரு நூலை விரலால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அவ்வளவு சீக்கிரம் நகராது. துணியில் பாதிக்கு மேல் ஓட்டைதான். ஆனாலும் 50 கிலோ சுமையில்கூட ஓட்டைகள் ஒன்றோடொன்று சேர்ந்து கிழிவதில்லை. சுவரில் விரிசல் வராமல் இருக்க, பூச்சுக்குள் கொத்தனார் வைத்துப் பூசும் வெள்ளை ஃபைபர் வலையும் இதே ரகம்தான். இந்த நெசவுக்குப் பெயர் லீனோ.

சாதாரண நெசவில் பாவு நூல்கள் ஒன்றுக்கொன்று இணையாக ஓடும். ஊடை நூல் ஒன்றின் மேலே, அடுத்ததின் கீழே என்று போகும். நெருக்கமாக நெய்தால் துணி உறுதியாக நிற்கும். இடைவெளி விட்டு நெய்தால் நூல் வழுக்கிக்கொண்டு ஒரு பக்கம் ஒதுங்கிவிடும். லீனோவில் பாவு நூல்கள் ஜோடி ஜோடியாக இருக்கும். ஒரு நூல் அசையாமல் நிற்க, அதன் ஜோடி ஒவ்வொரு ஊடைக்கும் ஒரு முறை இடமிருந்து வலம், அடுத்த முறை வலமிருந்து இடம் என்று தாண்டி உட்காரும். இரண்டு நூலுக்கும் நடுவே ஊடை மாட்டிக்கொள்ளும். பின்னல் போட்ட மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். நிற்பதை நிலை நூல் என்றும், தாண்டுவதைத் திருகு நூல் என்றும் இங்கே சொல்வோம்.

இது புதிய கண்டுபிடிப்பு இல்லை. சீனாவில் மாவாங்துய் என்ற இடத்தில், கி.மு. 2-ம் நூற்றாண்டைச் சேர்ந்த ஹான் அரச வம்சக் காலக் கல்லறையில், பூவேலையோடு இப்படித் திருகி நெய்த பட்டே கிடைத்திருக்கிறது. ஆங்கிலத்தில் 'காஸ்' என்று சொல்வதும் நெசவுக்காரர்கள் கணக்கில் இந்த நெசவைத்தான். ராஜபாளையம் பக்கத்தில் சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் ஓடும் மருத்துவக் காஸ் வேறு. பெயர்தான் காஸ், நெசவு சாதாரண நெசவு.

ஓரத்தில் முடிகிறது, நடுவில் முடியவில்லை

சோமனூர், பல்லடம் பக்கம் நாடா இல்லாத ரேப்பியர் தறியோ ஏர்ஜெட் தறியோ ஓடும் கூடத்துக்குள் போனால், ஒவ்வொரு தறியிலும் லீனோ நெசவைப் பார்க்கலாம். பலரும் கவனிக்காத இடத்தில் இருக்கிறது: துணியின் இரண்டு ஓரங்களில்.

பழைய தறியில் நாடா போய்த் திரும்பி வருவதால் ஊடை நூல் ஓரத்தில் மடங்கிக் கரை கட்டிவிடும். நாடா இல்லாத தறியில் ஒவ்வொரு ஊடையும் வெட்டப்படுகிறது. அப்படியே விட்டால் ஓரம் பிரிந்துவிடும். அதனால் ஓரத்தில் சில நூல்களை மட்டும் லீனோவாகத் திருகி ஊடையைப் பிடித்துக்கொள்கிறார்கள். இதற்கு ஒரு சின்ன வட்டத் தட்டும் அதைச் சுற்ற ஒரு குட்டி மோட்டாரும் போதும். ஏர்ஜெட் நிமிடத்துக்கு 700, 800 ஊடை போட்டாலும் அந்தத் தட்டு சளைக்காமல் சுற்றும்.

அப்படியானால் துணி முழுக்க இதே வேகத்தில் லீனோ நெய்யலாமே? அங்கேதான் சிக்கல். ஓரத்தில் நாலு நூல், நடுவில் நாலாயிரம் நூல். தட்டு சுற்றும்போது முன்னால் துணியில் விழும் அதே முறுக்கு பின்னாலும் விழும். ஓரத்தில் நூல் சிறு பாபினிலிருந்து வருவதால், பாபினையே சேர்த்துச் சுற்றலாம். இல்லாவிட்டால் கொஞ்ச நேரம் ஒரு பக்கம், பிறகு மறுபக்கம் என்று மாற்றிச் சுற்றலாம். நடுவில் இருப்பதோ பாவு பீமிலிருந்து வரும் ஆயிரக்கணக்கான நூல்கள். ஒவ்வொன்றுக்கும் ஒரு தட்டு வைக்க இடமில்லை. பீமை ஜோடி ஜோடியாகச் சுற்றவும் முடியாது.

ஆகவே நடுவில் பழைய வழிதான்: டூப் விழுது. இரண்டு தட்டையான எஃகு விழுதுகளுக்கு நடுவே லாடம் போல ஒரு சின்ன ஊசி தொங்கும். திருகு நூல் அந்த ஊசியின் கண்ணில். நிலை நூல் இரண்டு விழுதுகளுக்கும் இடையில். வலது விழுது ஏறினால் திருகு நூல் வலப்பக்கம் எழும்பும். இடது விழுது ஏறினால் இடப்பக்கம். ஒவ்வொரு முறையும் திருகு நூல் முழுசாகக் கீழே இறங்கி, நிலை நூலுக்கு அடியில் நுழைந்து, மறுபக்கம் ஏற வேண்டும். அது நுழைவதற்காக நிலை நூலையும் அந்த நேரத்தில் பாதி உயரத்துக்குத் தூக்கிக் கொடுக்க வேண்டும்.

நிமிடத்துக்கு 150 ஊடை என்றால் இத்தனைக்கும் 0.4 விநாடி. 600 ஊடை என்றால் 0.1 விநாடி. அந்த நேரத்துக்குள்ளேயே ஊடையும் குறுக்கே போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

வேகம் நாலு மடங்கு, விசை பதினாறு மடங்கு

கடந்த 70 ஆண்டுகளாகத் தறித் தொழில்நுட்பத்தின் கவனம் பெரும்பாலும் ஊடையின் மேல்தான். நாடா போய்ப் புரொஜெக்டைல் வந்தது, ரேப்பியர் வந்தது, காற்று வந்தது. ஊடை பறக்கிறது. ஆனால் லீனோவில் வேகத்தைத் தடுப்பது ஊடை இல்லை, பாவு. இதைப் புரிந்துகொள்ளாமல் 'வேகமான தறி' என்று வாங்கி லீனோ போட்டால், தறி தன் வேகத்தில் பாதியைக்கூடக் காட்டாமல் ஓடலாம்.

காரணம் எளிய இயற்பியல். ஒரு சட்டம் ஒரே தூரம் மேலும் கீழும் போய் வருகிறது என்றால், வேகத்தை இரட்டிப்பாக்கும்போது அதன் மேல் விழும் விசை நாலு மடங்காகும். வேகம் நாலு மடங்கானால் விசை பதினாறு மடங்கு. சாதாரண விழுதுக்கும் இதே கணக்குதான், ஆனால் அங்கே நூல் நேராக ஏறி இறங்குகிறது. லீனோவில் நூல் பக்கத்து நூலை உரசிக்கொண்டு, ஊசிக் கண்ணில் மடங்கி, வளைந்து ஏறுகிறது. தாண்டும் பக்கம் ஏறும்போது நூலுக்குக் கூடுதல் நீளம் வேறு தேவைப்படும். அந்த நேரத்தில் பின்னால் இருக்கும் ஒரு கம்பி தளர்ந்து நூல் விட்டுக்கொடுக்க வேண்டும். அடுத்த ஊடைக்குள் மறுபடி இறுக்க வேண்டும். இந்தக் கம்பி ஒரு நொடியின் நூற்றில் ஒரு பங்கு தாமதித்தாலும், அதிவேகத்தில் நூல் அறுந்துவிடும்.

பருத்தி நூலாக இருந்தால் இன்னும் மோசம். உரசலில் பஞ்சு பறந்து டூப் ஊசியில் அடையும். ஒரு திருகு நூல் அறுந்தால் தறி நிற்கும். தறிக்காரர் அதை ஊசிக் கண்ணில் கோத்து, சரியான பக்கம் கொண்டுவந்து கட்ட வேண்டும். சாதாரண விழுதில் கோப்பதைவிட இதற்கு நேரம் பிடிக்கும்.

ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 400 ஊடை வேகத்தில் ஓடும் தறி, நூல் அறுந்து அறுந்து நின்று 55 சதவீத நேரம்தான் ஓடுகிறது என்றால், கிடைப்பது 220 ஊடை. 300 வேகத்தில் வைத்து 80 சதவீத நேரம் ஓட்டினால் 240. மெதுவாக ஓட்டியவருக்குத்தான் துணி அதிகம்.

பூ வேண்டுமா, வேகம் வேண்டுமா?

டூப் ஊசியையே தூக்கி எறிந்துவிட்டால்? அதைச் செய்தும் பார்த்திருக்கிறார்கள். ஜெர்மனியின் லிண்டாவ் நகரிலுள்ள டோர்னியர் நிறுவனத்தின் 'ஈஸிலீனோ' அப்படிப்பட்ட ஒரு முறை. பாவு நூல்களில் ஒரு கூட்டத்தைக் கண் வைத்த ஊசிகள் பொருத்திய ஒரு பார் தாங்கும். மற்றொரு கூட்டத்தை இன்னொரு பார் தாங்கும். மேலும் கீழுமான அசைவும், சில மில்லிமீட்டர் பக்கவாட்டு அசைவும் சேர்ந்தால் தாண்டல் முடிந்தது. லாட ஊசி இல்லை, மடங்கல் இல்லை, உரசல் குறைவு. கண்ணாடி இழை போல எளிதில் முறியும் நூல்கூட இதில் தாக்குப்பிடிக்கும். கட்டுமான வலை, கம்பளத்தின் அடித்துணி போன்றவற்றுக்கு அருமையான வழி.

ஆனால் ஒரு விலை உண்டு. பார் அசைந்தால் அதிலுள்ள எல்லா நூலும் சேர்ந்துதான் அசையும். இந்த நூல் தாண்டட்டும், அடுத்தது சும்மா இருக்கட்டும் என்று சொல்ல முடியாது. அதாவது பூவேலை போச்சு. துணி முழுக்க ஒரே ஓட்டை, ஒரே கட்டம்.

தனித்தனியாக நூலைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் ஜக்கார்டு வேண்டும். ஜக்கார்டில் டூப் விழுது கட்டி ஒவ்வொரு தாண்டலையும் தனியாக இயக்கலாம்தான். ஆனால் ஒவ்வொரு நூலுக்கும் ஊசி, விழுது, இழுத்துப்பிடிக்கும் ஸ்பிரிங் என்று சுமை ஏறும். வேகம் மறுபடி விழும்.

இந்த முடிச்சை அவிழ்க்கும் ஒரு கெட்டிக்காரத்தனமான வழி 19-ம் நூற்றாண்டிலேயே இருந்தது. அதற்கு நம்ம ஊர்ப் பெயர்: மெட்ராஸ். கட்டம் போட்ட மெட்ராஸ் சட்டைத் துணியோடு குழப்பிக்கொள்ள வேண்டாம். இது ஸ்காட்லாந்தின் அயர்ஷயர் பகுதியில் இர்வின் பள்ளத்தாக்கில், டார்வல், நியூமில்ன்ஸ் போன்ற சிற்றூர்களில் நெய்யப்பட்ட ஜன்னல் திரைத்துணி. மெல்லிய லீனோ தரையில் தடித்த நூலால் பூ, கொடி, பறவை.

மெட்ராஸ் தறியில் வேலையை இரண்டாகப் பிரித்தார்கள். நூல் தாண்டுவது எல்லோருக்கும் பொது. அதற்குக் கண் வைத்த குட்டைப் பற்கள் கொண்ட தனி ரீடு ஒன்று மொத்தமாக ஏறி இறங்கும். இன்றைய ஊசி பாரும் கிட்டத்தட்ட அதே யோசனைதான். பூவுக்கு மட்டும் ஜக்கார்டு. அது நிலை நூல்களில் தேவையானதைத் தூக்கும். கூடுதலாகப் போடும் தடித்த ஊடை பூ வர வேண்டிய இடத்தில் மட்டும் துணியோடு பின்னிக்கொள்ளும். மற்ற இடங்களில் சும்மா மிதக்கும். நெய்து முடித்த பிறகு மிதக்கும் நூலையெல்லாம் இயந்திரத்தில் வைத்துச் சிரைத்துவிடுவார்கள். பூவைச் சுற்றிச் சின்னச் சின்ன மீசை நூல்கள் நீட்டிக்கொண்டிருப்பது மெட்ராஸ் துணியின் அடையாளம்.

வேகம் இங்கே இன்னொரு விதத்தில் கடிக்கும். ஒவ்வொரு தரை ஊடைக்கும் ஒரு பூ ஊடை வேண்டும். சென்டிமீட்டருக்கு 10 தரை ஊடை என்று வைத்தால், ஒரு நிறப் பூவுக்கு மொத்தம் 20, இரண்டு நிறத்துக்கு 30. நிமிடத்துக்கு 300 ஊடை போடும் தறி, பூ இல்லாமல் மணிக்கு 18 மீட்டர் நெய்யும். ஒரு நிறத்தில் 9 மீட்டர். இரண்டு நிறத்தில் 6 மீட்டர். பழைய நாடாத் தறியின் வேகமோ இதில் பாதிகூட இல்லை.

பள்ளத்தாக்கின் ஆலைகளைச் சாய்த்தவற்றில் இந்தக் கணக்குக்கும் பெரிய பங்குண்டு. பின்னல் இயந்திரங்களில் சரசரவென்று இறங்கிய மலிவான பாலியஸ்டர் வலைத் திரை சந்தையைப் பிடித்துக்கொண்டது. ஒரு காலத்தில் ஆலைகள் நிறைந்திருந்த அந்தப் பகுதியில் இன்று ஸ்காட்டிஷ் மெட்ராஸ் நெய்வது நியூமில்ன்ஸில் 1900-ல் தொடங்கிய மார்ட்டன் யங் அண்ட் போர்லண்ட் ஆலை. தன்னிடமுள்ள பழைய நாட்டிங்காம் லேஸ் தறிகளுக்கு எலக்ட்ரானிக் ஜக்கார்டு பொருத்தி, அட்டைகளுக்குப் பதிலாகக் கம்ப்யூட்டர் கோப்பிலிருந்து ஓட்டியதும் இதே ஆலைதான். தறியின் உடம்பு பழசு, மூளை புதுசு.

அடுத்த கட்டம் எங்கே?

பூப்போட்ட லீனோவுக்கு ரேப்பியர் நன்றாகப் பொருந்தும். நாடாத் தறியில் தரை நூலுக்கும் பூ நூலுக்கும் மாறி மாறி நாடாப் பெட்டியை ஏற்றி இறக்க வேண்டும். ரேப்பியரில் ஊடையைத் தேர்ந்தெடுப்பது ஒரு விரல் அசைவு. எலக்ட்ரானிக் ஜக்கார்டு 1983-லேயே சந்தைக்கு அறிமுகமாகிவிட்டது; அதுவும் பெரிய தடை இல்லை. மிச்சம் இருப்பது தாண்டலும் இழுவிசையும்தான்.

கண் ரீடையோ ஊசி பாரையோ தறியின் மெயின் ஷாஃப்டோடு நெம்புகோல் போட்டு இணைக்காமல், தனி சர்வோ மோட்டாரில் ஓட்டலாம். அப்படிச் செய்தால் தாண்டல் எப்போது தொடங்க வேண்டும், எவ்வளவு மெதுவாக முடிய வேண்டும் என்பதை நூலுக்கு நூல் மாற்றி வைக்கலாம். தூக்கும் சட்டத்தை இலேசாக்கினால் அதே வேகத்தில் விசை குறையும். நிலை நூலுக்கு ஒரு பீம், திருகு நூலுக்கு ஒரு பீம், இரண்டுக்கும் தனித்தனி எலக்ட்ரானிக் லெட்-ஆஃப் என்று வைத்தால் நீள வித்தியாசம் தொல்லை தராது. இவற்றில் ஒன்றை மட்டும் மாற்றி வேகத்தைக் கூட்டினால் மற்றொன்றில் போய் மாட்டும். சர்வோ போட்டுவிட்டு, தளர்த்தும் கம்பியைப் பழைய ஸ்பிரிங்கிலேயே விட்டால் நூல் அறுந்துகொண்டே இருக்கும்.

மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்குக் காடாத் துணி நெய்யும் விசைத்தறிக்காரருக்கு, மற்றவர் நெய்ய முடியாத ரகம் ஒன்று கையில் இருந்தால் பேரம் பேச இடம் கிடைக்கும். அந்த ஆசையில் செகண்ட் ஹேண்ட் ரேப்பியரும் லீனோ இணைப்பும் பார்க்கப் போகிறவர் கேட்க வேண்டிய கேள்வி 'ஆர்.பி.எம். எவ்வளவு?' என்பது மட்டும் இல்லை. அந்த வேகம் எந்த லீனோவுக்கு? ஓரத்துக்கு மட்டுமா, முழு அகலத்துக்கா? என்ன நூலில், எத்தனை நூல் தாண்டும்போது? ஒரு ஷிஃப்டில் எத்தனை முறை நிற்கிறது? பாலிப்ரொப்பிலீன் நாடா நூலில் பறக்கும் தறி, 40-ம் நம்பர் பருத்தியைப் போட்டால் அதே வேகத்தில் ஓடும் என்று நம்பிக் கையெழுத்துப் போட வேண்டாம். சொந்த நூலில் ஒரு பீம் கொண்டுபோய், எட்டு மணி நேரம் பக்கத்திலேயே உட்கார்ந்து ஓட்டிப் பார்த்துவிட்டு விலை பேசலாம்.