உங்களுக்குத் தெரியுமா? இரட்டை ஆற்றல் சி.டி. ஸ்கேன்

ஒரு பொருள் எக்ஸ் கதிரை எவ்வளவு தடுக்கிறது என்பதை மட்டுமே சாதாரண சி.டி. ஸ்கேன் அளக்கிறது. அதனால் எலும்பின் கால்சியமும், ரத்தக்குழாயில் ஏற்றிய அயோடின் மருந்தும் படத்தில் ஒரே வெள்ளையாக விழலாம். அதே இடத்தை 80, 140 கிலோவோல்ட் என இரண்டு ஆற்றல்களில் படமெடுத்தால் குட்டு உடைந்துவிடும். ஆற்றல் குறையும்போது அயோடினின் வெண்மை சட்டென்று ஏறும்; கால்சியத்தில் அந்த ஏற்றம் குறைவு; யூரிக் அமிலத்தில் மாற்றம் மிகச் சொற்பம்.

★

இந்த யோசனை சி.டி. ஸ்கேனின் வயதை ஒத்தது. அதைக் கண்டுபிடித்த காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்ட் 1973-ல் எழுதிய கட்டுரையிலேயே, இரண்டு ஆற்றல்களில் படமெடுத்தால் அயோடினையும் கால்சியத்தையும் பிரிக்கலாம் என்று சொல்லிவிட்டார். ஆனால் அன்றைய கருவி மெதுவானது. இரண்டு படங்களுக்கு நடுவே நோயாளி சற்று அசைந்தாலே கணக்கு கலைந்துவிடும். இரண்டு எக்ஸ் கதிர்க் குழாய்கள் ஒன்றாகச் சுழலும் கருவி 2006 வாக்கில் வந்த பிறகுதான் மருத்துவமனைகளில் இது பரவத் தொடங்கியது.

★

விமான நிலையத்தில் நம் பெட்டிக்குள் துணியும் உணவும் ஆரஞ்சாகவும், உலோகம் நீலமாகவும் திரையில் தெரிவதும் இதே இயற்பியல்தான்.

★

இரட்டை ஆற்றல் ஸ்கேனின் அருமை சிறுநீரகக் கல்லில் நன்றாகப் புரியும். பெரும்பாலான கற்கள் கால்சியம் கலந்தவை. மருந்தால் அவற்றைக் கரைக்க முடியாது. யூரிக் அமிலக் கல் அப்படியல்ல. பொட்டாசியம் சிட்ரேட் போன்ற மருந்தால் சிறுநீரின் அமிலத்தன்மையைக் குறைத்தால் கரையக்கூடியது. கல்லை வெளியே எடுத்துச் சோதிக்கும் முன்பே இரண்டில் எது என்று தெரிந்தால், ஒருவர் அறுவை அரங்குக்குப் போகாமலே தப்பலாம். இந்த ஒரு பயனுக்காகவே இந்தத் தொழில்நுட்பம் பரவலாக வேண்டும். ஆனால் சுமார் 3 மி.மீ.க்குக் குறைந்த கல்லிலும், பல பொருள்கள் கலந்த கல்லிலும் விடை தடுமாறும்.

★

கவுட் என்னும் வாதநோயில் மூட்டில் படியும் யூரேட் (யூரிக் அமில உப்பு) படிகங்களுக்கு இந்த ஸ்கேன் படத்தில் பெரும்பாலும் பச்சை வண்ணம் தருவார்கள். 2015-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாதநோய் மருத்துவ அமைப்புகள் சேர்ந்து வகுத்த கவுட் வரையறையில் இந்த ஸ்கேனுக்கும் இடமுண்டு. அதற்காகப் பச்சையைக் கண்டதும் முடிவு கட்டிவிடக் கூடாது. நகத்தடியும் குதிகாலின் தடித்த தோலும்கூடப் பச்சையாகத் தெரியும்! மாறாக, முதன்முறை வலி வந்தவருக்குப் படிகம் குறைவாக இருப்பதால் எதுவுமே தெரியாமல் போகலாம். சந்தேகம் தீராதபோது மூட்டு நீரை ஊசியால் எடுத்து நுண்ணோக்கியில் பார்ப்பதே உறுதியான வழி.

★

பக்கவாத நோயாளியின் மூளை ரத்தக்குழாயிலிருந்து ரத்த உறைகட்டியை நீக்கிய பிறகு, ஸ்கேனில் ஒரு வெள்ளைத் திட்டு தெரிகிறது. ரத்தக்கசிவா, சிகிச்சையின்போது செலுத்திய அயோடினா? ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தைத் தொடங்கலாமா என்பதே இந்தக் கேள்வியைப் பொறுத்தது. இரட்டை ஆற்றல் ஸ்கேன் அயோடினைத் தனியே பிரித்துக் காட்டுவதால் மருத்துவருக்கு விடை பெரும்பாலும் கிடைத்துவிடுகிறது.

★

அயோடின் ஏற்றி எடுத்த படத்திலிருந்து அயோடினைக் கணக்கால் அழித்து, ஏற்றாத படத்தைப் போல ஒன்றை உருவாக்கலாம். ஒரு ஸ்கேன் மிச்சம், அந்த அளவு கதிர்வீச்சும் மிச்சம். சங்கடம் என்னவென்றால், அயோடினோடு சேர்ந்து பொடிக் கற்களும் அழிந்துபோகக்கூடும்.

★

கீழே விழுந்த முதியவரின் இடுப்பெலும்பில் கோடு தெரியாத முறிவு இருந்தால், எலும்பு மஜ்ஜையின் வீக்கத்தைக் கொண்டு இந்த ஸ்கேன் காட்டிக்கொடுக்கும். எம்.ஆர்.ஐ. எடுக்க முடியாதவர்களுக்குப் பெரிய உதவி.

★

உடல் பருமன் இரட்டை ஆற்றல் ஸ்கேனுக்குப் பெரிய தடை. 80 கிலோவோல்ட் கதிர் பருத்த வயிற்றைத் தாண்டி வரும்போது மெலிந்துவிடுவதால் படம் புள்ளிபுள்ளியாகிவிடும். இரண்டு குழாய் கொண்ட கருவியில் கதிரைப் பெறும் இரண்டாவது உணரியின் பரப்பும் சிறியது. உடலின் ஓரங்கள் அதன் பார்வைக்குள் வராமல் போகலாம்.

★

பல கருவிகளில் இரட்டை ஆற்றல் வேண்டுமா என்பதை ஸ்கேனுக்கு முன்பே முடிவு செய்தாக வேண்டும். சாதாரண முறையில் எடுத்துவிட்டால் பிறகு கேட்டுப் பயனில்லை. உணரியே இரண்டு அடுக்காக அமைந்தவை போன்ற சில கருவிகளில், எடுத்து முடித்த படத்திலிருந்தும் இந்தத் தகவலைப் பெறலாம். ஆகவே முன்பு கல் வந்ததோ, கவுட் இருப்பதோ தெரிந்தால், ஸ்கேன் மேசையில் படுப்பதற்கு முன்பே சொல்லிவிடுங்கள்.