பேரலில் ஏறிய கீரைப்பாத்தி

எங்களுக்கு நாலு ஏக்கர், கிணற்றுப் பாசனம். நெல், உளுந்து, நிலக்கடலை எல்லாம் மருந்து இல்லாமல்தான் விளைகிறது. ஆனால் மூன்று வருடம் முன்புவரை, பங்குனி பிறந்தால் கீரையை மட்டும் மொபட்டில் வருபவரிடம் வாங்கித்தான் சாப்பிட்டோம். கிணறு இறங்கிவிடும், கீரைப்பாத்திக்குத் தண்ணீர் காட்ட முடியாது. ஒருநாள் அம்மா கீரைக்கட்டைப் பிரித்து முகர்ந்து பார்த்தார். "தம்பி, மருந்து வாடை இன்னும் போகல. ஊருக்கெல்லாம் நஞ்சில்லா அரிசி விக்கிற, வீட்டுல இதைக் கடையச் சொல்ற." என்னிடம் பதில் இல்லை.

அந்த வாரமே 200 லிட்டர் நீலப் பேரல் ஒன்று வாங்கி வந்தேன். பக்கமெல்லாம் வாய் திறந்து செடி நடுவதைப் பயிற்சி ஒன்றில் பார்த்திருந்தேன். நிலம் வைத்திருப்பவனுக்குப் பேரல் எதற்கு என்று பங்காளிகள் சிரித்தார்கள். முதல் தடவை அவர்கள் சிரித்தது சரியாகத்தான் போயிற்று. கண்மாய் வண்டலை விட்டால் நல்ல மண் ஏது என்று முழுக்க வண்டலாகவே நிரப்பிவிட்டேன். வயலுக்குப் பொன்னான மண், பேரலுக்குள் கல்லாகிவிட்டது. மேலே வெடிப்பு, அடியில் சேறு. இருபது நாளில் கீழ்வரிசை அழுகி நாறியது, மேல்வரிசை காய்ந்தது.

இப்போது போடும் கலவை இது: செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மட்கிய தொழு உரமோ மண்புழு உரமோ இரண்டு பங்கு, தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு, பேரலுக்கு இரண்டு கிலோ வேப்பம் புண்ணாக்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும். இரண்டு மூன்று தடவை ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் சேர்க்க வேண்டும்.

பேரல் வாங்கும்போது அதில் முன்பு என்ன இருந்தது என்று கேளுங்கள். அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று போட்டிருந்தால் அது என்ன பிளாஸ்டிக் என்றுதான் தெரியும், உள்ளே ஆசிட் இருந்ததா, பழக்கூழ் இருந்ததா என்பது தெரியாது. ரசாயனம் வந்த பேரல் எவ்வளவு கழுவினாலும் வேண்டாம்.

தரையிலிருந்து அரையடி விட்டு, அரையடிக்கு ஒரு வரிசையாக ஐந்து வரிசை. வரிசைக்கு ஆறு வாய். மேல்வரிசை வாய்கள் கீழ்வரிசை வாய்களுக்கு நேராக வராமல் இடைவெளியில் வர வேண்டும். ஆக்ஸா பிளேடால் நாலு அங்குலம் கீறி, கீறலுக்குக் கீழே ஹீட் கன்னால் இளக்கி, கண்ணாடிப் பாட்டிலைச் செருகி அழுத்தினால் பை மாதிரி வாய் பிதுங்கும். கருகவிடாதீர்கள், புகை ஆகாது. அடியில் ஆறு துளை, உள்ளே சரளை. நடுவில் மூன்றரை அடி உயரத்துக்கு 4 அங்குல பிவிசி குழாய், உடம்பெல்லாம் கால் அங்குலத் துளை. அதற்குள் நறுக்கிய காய்கறிக் கழிவும் மண்புழுவும் போட்டு, எலி இறங்காமல் மூடி போடுங்கள். எண்ணெய், உப்பு பட்ட சோறு கூடாது.

கலவையை வரிசை வரிசையாகப் போட்டு, லேசாக அமுக்கி, நனைத்து ஏற்றுங்கள். அப்படியும் ஒரு மாதத்தில் ஒரு சாண் இறங்கும், மேலே நிரப்பிக்கொள்ளலாம். ஈரத்தோடு பேரல் 200 கிலோவுக்குக் குறையாது. மாடி என்றால் நடுவில் வேண்டாம், தூண் தாங்கும் மூலையில் வையுங்கள்.

பேரல் வாங்க வழியில்லாதவர்கள் சாக்கில் செய்யலாம். கென்யாவின் நைரோபி நகரில், கிபேரா குடிசைப்பகுதி மக்கள் அப்படித்தான் செய்கிறார்கள். சாக்கின் நடுவே அடியில்லாத தகர டப்பாவை நிறுத்தி, உள்ளே கல், சுற்றிலும் மண். மண் ஏற ஏற டப்பாவை மேலே உருவுவார்கள். கடைசியில் நடுவில் ஒரு கல்தூண் நிற்கும், அதன் வழியாக ஊற்றும் தண்ணீர் எல்லா மட்டத்துக்கும் கசியும். பக்கத்தில் கீறி நடுவது பெரும்பாலும் சுகுமா விக்கி என்ற முட்டைக்கோசு இனக் கீரை. சுவாஹிலியில் 'வாரத்தைத் தள்ளு' என்று அர்த்தமாம். பெயரே நிலவரம் சொல்கிறது. நம் வீட்டில் யூரியா சாக்கு இருக்காது, தவிட்டுச் சாக்கு போதும். வெயிலில் இற்றுப்போகும், வருடத்துக்கு ஒன்று மாற்ற வேண்டும்.

நம் குழாயில் புழு இருப்பதால் அதில் தண்ணீர் ஊற்றக் கூடாது. மேற்பரப்பில் நிதானமாக ஊற்றி, உறிஞ்சியதும் மறுபடி ஊற்றுங்கள். மேல் வாயிலும் கடைசி வாயிலும் விரலை விட்டுப் பார்த்தால் ஈரம் எட்டியதா என்று தெரியும். சித்திரை வெயிலில் இரண்டு வேளையும் சேர்த்து எங்களுக்கு ஒரு குடம் ஆகிறது. அரிசி களைந்த தண்ணீரும் அதில் சேர்த்தி. கிணறு வற்றிய மாதத்திலும் அந்த ஒரு குடத்துக்குக் குறை வந்ததில்லை.

முளைக்கீரை, தண்டுக்கீரை மாதிரி வேரோடு பிடுங்குவது இதற்குச் சரிப்படாது, பிடுங்கும்போது மண்ணும் சரியும். கிள்ளக் கிள்ளத் துளிர்ப்பவை வேண்டும்: பாலக், பசலை, பொன்னாங்கண்ணி, மணத்தக்காளி. மார்கழியில் வெயில் தெற்கே சாய்வதால் வடக்குப் பக்கம் நிழலாகிவிடும். அங்கே புதினா, வல்லாரை. மேற்குப் பக்கம் பொன்னாங்கண்ணிதான் தாக்குப்பிடிக்கிறது. உச்சியில் தக்காளி ஒன்று, மிளகாய் இரண்டு. அதற்கு மேல் ஆசைப்பட்டால் கீழே எல்லாம் சோணிந்து போகும். பச்சையாகத் தின்னும் லெட்டூஸ் சமவெளியில் ஐப்பசியிலிருந்து தை வரைதான். மாசி வெயில் பட்டதும் பூத்தண்டு விட்டுக் கசக்கும்.

லெட்டூஸ் விஷயத்தில் நம்மவர்களோடு எனக்கு ஒரு சண்டை உண்டு. எதற்கெடுத்தாலும் பஞ்சகவ்யா தெளிப்பது நமக்குக் கைப்பழக்கம். சமைக்காமல் தின்னும் இலைமேல் சாணம் சேர்ந்த எதையும் தெளிக்கக் கூடாது, சாணத்தில் வயிற்றைக் கெடுக்கும் கிருமி இருக்கலாம். மண்ணில் ஊற்றுங்கள், அதுவும் இலையில் தெறிக்காமல். பறித்ததை நல்ல தண்ணீரில் அலசுங்கள். இயற்கை என்பதால் கிருமி ஒதுங்கிப் போகாது.

ஐந்து பேர் உள்ள எங்கள் வீட்டுக்கு ஒரு பேரலில் வாரம் இரண்டு நாள் கீரை. பேரல் வைத்தால் கீரையே வாங்க வேண்டாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இப்போது மூன்று பேரல் நிற்கிறது, மொபட்காரர் எங்கள் வாசலில் நிற்பதில்லை.

வருடம் ஒருமுறை ஆடியில் பேரலைக் கவிழ்த்து, கலவையை நாற்றங்காலுக்குக் கொட்டிவிட்டுப் புதிதாக நிரப்புகிறோம். புழுக்களைப் பொறுக்கி மறுபடி குழாயில் விடுவது அம்மாவின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டார்.