பொறியைக் காக்கும் போன்மி

கணனிக்கென எழுதப்பட்ட கட்டளைத் தொகுதி, அதற்குரிய பொறி உள்ளவரையே இயங்கும். பொறி அழியுமாயின், எழுத்து இருந்தும் படிப்பாரற்ற ஏட்டின் நிலையை அஃது எய்தும். இக்குறையை நீக்க எழுந்ததே போன்மி. ஒரு பொறியின் செயலை வேறொரு பொறியிலே நிகழ்த்திக் காட்டும் மென்பொருள் இது. எமுலேற்றர் என்றும் வழங்குவர்.

அஃது இயங்குமாறு யாங்ஙனம்? 1980ஆம் ஆண்டில் யப்பானிய நிறுவனமாகிய நம்கோ வெளியிட்ட பக்மன் விளையாட்டை நோக்குவோம். அதன் மூளையாய் அமைந்தது இசட்80 என்னும் செயலி. அதற்குரிய கட்டளைகளை இக்காலக் கணனியின் செயலி அறியாது. ஆதலின், போன்மி அவற்றை ஒவ்வொன்றாக எடுத்து, பொருளுணர்ந்து, ஒத்த வேலையைத் தானே செய்கின்றது. செயலியைப் போன்று நடித்தல் மட்டும் போதாது. நினைவகம், படம் வரையும் சுற்று, ஒலியெழுப்பும் சுற்று ஆகியனவும் காலம் பிசகாது ஒத்தியங்குதல் வேண்டும். பிசகின் படமும் ஒலியும் பிறழும்.

இத்துறையிற் பெயர்பெற்றது மேம் என்னும் மென்பொருள். இத்தாலியரான நிக்கொலா சல்மோரியா 1997இல் இதனை வெளியிட்டார். பின்னர் பலர் கைகோத்தனர். பழைய வீட்டுக் கணனிகளைப் போன்மை செய்த மெஸ் என்னும் மென்பொருள் 2015இல் இதனோடு இணைந்தது. 2016இல் மேம் முழுமையான திறந்த மூல உரிமத்தைப் பெற்றது.

திறந்த மூலம் என்பதன் பயனை ஓர் உதாரணத்தால் விளக்கலாம். கப்கொம் நிறுவனம் 1993இல் அறிமுகஞ்செய்த சீபீஎஸ்-2 பலகைகளில், விளையாட்டின் கட்டளைகள் மறையாக்கம் செய்யப்பட்டிருந்தன. அவற்றைத் திறக்கும் மறைகுறி, மின்கலத்தால் காக்கப்படும் நினைவகத்தில் இருந்தது. மின்கலம் தீர்ந்தால் மறைகுறி மறையும், பலகையும் பயனற்றதாகும். அம்மறையாக்க முறையை 2007இல் சல்மோரியாவும் மற்றோர் ஆய்வாளரும் வெளிப்படுத்தினர். இன்று மேமின் மூலத்தில் அதனை எவரும் படிக்கலாம். எனவே அம்மூலம் விளையாட்டுக் கருவி மட்டுமன்று. மறைந்த பொறிகள் இயங்கிய முறையைக் கூறும் ஆவணமுமாம். ஒருவர் விட்ட பணியை இன்னொருவர் தொடர்தற்கும், நாளைய கணனிகளுக்கேற்ப அதனைத் திருத்துதற்கும் அஃது இடந்தருகின்றது.

ஆயினும், போன்மி யாவர்க்கும் உரியதாதலால் விளையாட்டும் யாவர்க்கும் உரியதாகிவிடாது. அதன் பதிப்புரிமை உரியோரிடமே உளது. அவ்வுரிமையின் காலம் முடியுமுன் மின்கலங்களும் சில்லுகளும் பழுதுறுகின்றன. காலத்தோடு நிகழும் இப்போட்டியிற் பொறியின் அறிவேனும் எஞ்சுமாறு செய்வதே திறந்த மூலப் போன்மியின் தொண்டாகும்.