ஊடாட்ட வடிவமைப்பும் முதுமாணிக் கல்வியும்

மனிதன் கருவி செய்யத் தொடங்கிய காலத்துத் தன் கையை நினைந்தே அதனைச் செய்தான். அரிவாளின் பிடி உள்ளங்கைக்கு இசைந்து நிற்பதும், உலக்கையின் நடுப்பாகம் பற்றுதற்கு ஏற்ப மெலிந்திருப்பதும் இதன் பயனாகும். கண்ணாற் கண்டு கையாற் பற்றக்கூடிய கருவிகளுக்கு இம்முறை போதுமாயிருந்தது. கணினி தோன்றிய பின்னரோ நிலைமை வேறாயிற்று. அதனுள்ளே நிகழ்வது யாதும் கண்ணுக்குப் புலனாவதில்லை. பிடியும் இல்லை, கூரும் இல்லை. ஒரு கண்ணாடிப் பரப்பும், அதன்மீது சில எழுத்துகளும் படங்களுமே உள. அப்பரப்பினை நோக்குவோர் எதனை எவ்வாறு விளங்கிக்கொள்வர், எவ்விடத்துத் தடுமாறுவர், அவர்தம் செயலுக்கு இயந்திரம் எவ்வகையில் மறுமொழி தருதல் வேண்டும் என்பனவற்றை ஆராய்ந்து அமைக்குங் கலையே ஊடாட்ட வடிவமைப்பு எனப்படுவது. பொருளொன்றைப் பயன்படுத்துவோன் அடையும் அனுபவம் முழுவதையும் கருத்திற்கொள்ளும்போது அது பயனர் அனுபவ வடிவமைப்பு என விரிந்த பெயர் பெறும். பல்கலைக்கழகங்களிற் கற்றுவரும் நம் பழைய மாணவர் சிலர், இத்துறையில் முதுமாணிப் பட்டம் பெறுதல் தகுமோ என வினவுகின்றனர். அவ்வினாவிற்கு விடை கூறுமுன், துறையின் பிறப்பினையும், அது கற்பிக்கப்படும் முறையினையும் அறிதல் நன்று.

துறை மிக இளமையானது. 1982ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ‘கிரிட் கொம்பஸ்’ என்னும் மடிக்கணினியின் புறவடிவை அமைத்தவர் பில் மொக்ரிட்ஜ் என்னும் ஆங்கிலேயர். மூடியின் கீலையும், விசைகளையும், உறையின் நிறத்தையும் அரிதின் முயன்று அமைத்த அவர், கணினியைத் தாமே பயன்படுத்தத் தொடங்கியதும், அவற்றையெல்லாம் மறந்து, திரையினுள்ளே தோன்றும் மென்பொருளிலேயே தம் கருத்து முழுவதும் தோய்ந்துவிட்டதனை உணர்ந்தார். பயன்படுத்துவோனின் உறவு உறையோடன்று, உள்ளிருக்கும் நடத்தையோடு என்பது அவர் கண்ட உண்மை. அந்நடத்தையை வடிவமைக்கும் பணிக்கு முதலில் வேறொரு பெயர் கருதியவர், பின்னர் பில் வெர்பிளாங் என்னும் பொறியியலாளருடன் கூடி ‘ஊடாட்ட வடிவமைப்பு’ என்னும் பெயரை 1980களின் நடுப்பகுதியில் வழங்கினார். வெர்பிளாங் மாணவர்க்கு மூன்று வினாக்களை முன்வைப்பது வழக்கம். பயனர் எவ்வாறு செய்கின்றார்? எவ்வாறு உணர்கின்றார்? எவ்வாறு அறிகின்றார்? எளிய வினாக்களாகத் தோன்றினும், இவற்றுள் ஒன்றினை மறந்தமையால் விளைந்த கேடுகள் பல.

அத்தகைய கேடொன்றினை ஈண்டு விரித்துரைத்தல் தகும். 1979ஆம் ஆண்டு மார்ச் மாதம் 28ஆம் திகதி, அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்துத் திரீ மைல் ஐலண்ட் அணுமின் நிலையத்தில், அழுத்தத்தைத் தணிக்கும் அடைப்பிதழ் ஒன்று திறந்தபடியே சிக்கிக்கொண்டது. கட்டுப்பாட்டு அறையிலிருந்த விளக்கு அணைந்தது. விளக்கு அணைந்தமையால் அடைப்பிதழ் மூடிவிட்டது எனப் பணியாளர் கொண்டனர். உண்மையில் அவ்விளக்கு காட்டியது யாது? மூடுக என்னும் மின்கட்டளை சென்றது என்பதனையேயன்றி, அடைப்பிதழ் மூடியது என்பதனையன்று. கட்டளை வேறு, அதன் நிறைவேற்றம் வேறு. இவ்விரண்டிற்கும் இடைப்பட்ட வேறுபாட்டினை அந்தச் சிறு விளக்கு மறைத்தது. இரண்டு மணி நேரத்துக்கு மேலாகக் குளிராக்கும் நீர் வெளியேறியது. அணுவுலையின் கருப்பகுதியில் ஒரு பாகம் உருகியது. கட்டுப்பாட்டு அறையினை ஆராய அழைக்கப்பட்டோருள் டொனால்ட் நோர்மன் என்னும் உளவியலாளரும் ஒருவர். பணியாளர் அறிவுடையோர் என்பதும், பிழை அறையின் அமைப்பிலேயே இருந்தது என்பதும் அவர் கண்ட முடிபு. 1988இல் அன்றாடப் பொருள்களின் உளவியல் பற்றி அவர் எழுதிய நூல் இத்துறையின் அடிப்படை நூலாயிற்று. 1993இல் அப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தபோது அவர் தமக்குரிய பதவிப் பெயரிலேயே ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடரைச் சேர்த்துக்கொண்டார். முதலில் மின்பொறியியலும், பின்னர் உளவியலும் கற்றவர் அவர் என்பது கவனிக்கற்பாலது. இத்துறைக்கு வருவோர் யாவரும் ஏதோவொரு பிற துறையிலிருந்தே வந்தனர்.

நிற்க, பட்டப்படிப்பிற்கு வருவோம். 1980களின் இறுதியில் இலண்டன் றோயல் கொலிஜ் ஒவ் ஆட் என்னும் கலைக்கல்லூரியில் கில்லியன் கிராம்ப்டன் சிமித் என்னும் அம்மையார் ‘கணினிசார் வடிவமைப்பு’ என்ற முதுமாணி வகுப்பினைத் தொடங்கினார். ஏற்கெனவே வடிவமைப்பிற் பயிற்சி பெற்றோர் தம் திறனைக் கணினிப் பொருள்கள்மீது செலுத்தக் கற்பித்த முன்னோடி வகுப்புகளுள் இது தலையாயது. இங்கு பயின்ற டரல் பிஷொப் என்பவர் 1992இல் அமைத்த ஒரு மாதிரி இன்றும் பேசப்படுகின்றது. தொலைபேசியில் ஆளில்லாத வேளை வரும் செய்திகளைப் பதிவுசெய்யும் இயந்திரம் அது. செய்தி ஒன்று வந்ததும் கோலிக்குண்டு ஒன்று உருண்டு வெளியே வந்து நிற்கும். குண்டுகளை எண்ணினால் வந்த செய்திகளின் தொகை தெரியும். குண்டினை எடுத்து ஒரு குழியில் இட்டால் செய்தி ஒலிக்கும். தொலைபேசிமீது வைத்தால் அழைத்தவருக்கே அழைப்புச் செல்லும். இயந்திரத்தினுள் மீண்டும் போட்டால் அக்குண்டு அடுத்த செய்திக்கு ஆயத்தமாகும். ஒருவர்க்கு வந்த செய்தியை வீட்டார் எடுத்து வேறாக வைக்கவும் கூடும். எழுத்து வேண்டா, விளக்கநூல் வேண்டா, கோலி விளையாடிய எந்தச் சிறுவனுக்கும் இவ்வியந்திரத்தின் இலக்கணம் விளங்கும். இது கடையில் விற்கப்பட்ட பொருளன்று, மாணவன் ஒருவனின் கருத்துருவமே. எனினும், தொட்டுணரக்கூடிய கணினிப் பொருள்கள் பற்றி மசாசூசெற்ஸ் தொழினுட்ப நிறுவகத்தில் ஹிரோஷி இஷி 1990களில் நடாத்திய ஆராய்ச்சிக்கு இது தூண்டுகோலாயிற்று. முதுமாணி மாணவர் ஒருவரிடம் இத்துறை எதிர்பார்ப்பது யாது என அறிய விரும்புவோர் இந்தக் கோலிக்குண்டையே நினைவிற் கொள்க.

கிராம்ப்டன் சிமித் அம்மையார் பின்னர் இத்தாலியின் இவ்ரேயா நகரில் 2001இல் இயங்கத் தொடங்கிய ஊடாட்ட வடிவமைப்பு நிறுவகத்துக்குத் தலைமை தாங்கினார். இவ்ரேயா, தட்டச்சு இயந்திரங்களாற் பெயர்பெற்ற ஒலிவெற்றி நிறுவனத்தின் ஊர். நிறுவகம் நெடுநாள் நிலைக்கவில்லை; ஐந்தாண்டு அளவிலேயே தன் தனித்தன்மையை இழந்து வேறொரு நிறுவனத்தோடு இணைந்தது. ஆயினும், அங்கு எழுதப்பட்ட ஒரு முதுமாணி ஆய்வேடு உலகெங்கும் பரவியது. கொலம்பிய நாட்டவரான எர்னாண்டோ பராகான், மின்னணுவியல் அறியாத வடிவமைப்பு மாணவரும் தாமே சுற்றமைத்துத் தம் கருத்தினைச் சோதித்துப் பார்த்தல் வேண்டும் என்னும் நோக்கத்தோடு, ‘வயறிங்’ என்ற எளிய மின்பலகையினையும் செய்நிரல் மொழியினையும் 2004இல் தம் ஆய்வேடாகச் சமர்ப்பித்தார். அவர்தம் நெறியாளருள் ஒருவர் மாசிமோ பான்சி. அடுத்த ஆண்டில் பான்சியும் வேறு சிலரும் அதன் அடிப்படையில் மலிவான பலகையொன்றை வெளியிட்டு, அவ்வூரிலுள்ள மதுச்சாலை ஒன்றின் பெயரை அதற்கு இட்டனர். அதுவே ‘ஆடுயினோ’. பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிகளில் மாணவர் கையாளும் சிறு பலகை இதுவேயாம். தம் பங்களிப்பு உரியவாறு கூறப்படவில்லை என்னும் மனக்குறையைப் பராகான் 2016இல் விரிவாக எழுதி வெளியிட்டார். மாணவனின் ஆய்வு எவருடைய உடைமை என்னும் வினா ஈண்டு எழுகின்றது. பட்டப்பின் படிப்பிற்குச் செல்வோர், தாம் ஆக்குவனவற்றின் உரிமை யாரைச் சாரும் என்பதனைக் கல்லூரி விதிகளில் முன்னரே படித்தறிதல் வேண்டும். பெரும்பாலானோர் இதனைப் படிப்பதில்லை.

சுவீடன் நாட்டு மரபு சற்று வேறானது. 1981 முதல் 1985 வரை ஸ்கண்டிநேவிய நாடுகளில் ‘யுற்றோப்பியா’ என்றொரு திட்டம் நடைபெற்றது. அச்சுத்தொழிலிற் கணினி புகுவது கண்டு, தம் கைத்திறனும் பிழைப்பும் அழிந்துபோமோ என அஞ்சிய தொழிலாளரின் சங்கங்கள் ஆராய்ச்சியாளருடன் கைகோத்தன. புதிய கருவி எவ்வாறு அமைதல் வேண்டும் என்பதனை அதனைக் கையாளப்போகும் தொழிலாளியே கூறட்டும் என்பது கொள்கை. ஆனால், இல்லாத கருவியைப் பற்றித் தொழிலாளி யாது கூறுவார்? எனவே மரப்பலகையாலும் கடதாசி அட்டையாலும் கருவிகளைப் போலச் செய்தனர். வெறும் அட்டைப்பெட்டி ஒன்றின்மீது ‘மேசை லேசர் அச்சுப்பொறி’ என்று எழுதி வைத்து, அஃது உள்ளதாகவே பாவித்து அன்றாட வேலையை நடித்துப் பார்த்தனர். அவ்வாறு நடிக்கும்போதே, எது எங்கே இருத்தல் வேண்டும், எது இடையூறு என்பது தொழிலாளியின் வாயிலிருந்து வந்தது. இத்திட்டத்தின் முன்னோடிகளுள் ஒருவரான பெல்லே ஏன் பின்னர் மல்மோ பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயினார். அங்கும், வடக்கே ஊமியோ நகரின் வடிவமைப்பு நிறுவகத்திலும் ஊடாட்ட வடிவமைப்பு முதுமாணி வகுப்புகள் நடைபெறுகின்றன. ஊமியோவில் இரண்டு ஆண்டு, கற்பிப்பது ஆங்கிலத்தில். முன்னர் சுவீடனில் வெளிநாட்டவர்க்கும் கல்வி இலவசமாயிருந்தது. 2011ஆம் ஆண்டு இலையுதிர்காலம் முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு அப்பாலுள்ளோர் கட்டணம் செலுத்துதல் வேண்டும் என்றாயிற்று. அக்கதவு நம்மவர்க்கு முற்றாக மூடப்படவில்லை, குறுகிவிட்டது என்க.

அமெரிக்காவின் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தில், மனித கணினி ஊடாட்டம் என்னும் பெயரில் ஓராண்டளவில் முடியும் முதுமாணி வகுப்பு உண்டு. புறத்தேயுள்ள நிறுவனம் ஒன்று கொணரும் உண்மைப் பிரச்சினையை மாணவர் குழுவாகச் சேர்ந்து பல மாதம் ஆராய்ந்து தீர்வு காண்பது அதன் சிறப்பு. இந்தியாவில் 1969இல் நிறுவப்பெற்ற பம்பாய்த் தொழினுட்பக் கழகத்தின் கைத்தொழில் வடிவமைப்பு மையமும் இத்துறையிற் கற்பித்து வருகின்றது.

இனி, கற்பன யாவை? மாந்தரைக் கூர்ந்து நோக்கலும், அவரோடு உரையாடலும், தாளில் மாதிரி வரைந்து சிலரிடம் கொடுத்துப் பார்த்தலும், தவறு கண்டு திருத்தலுமே பெரும்பகுதி. உளவியலும் அளவீடும் ஓரளவு உள. சுட்டுமிடம் தூரமாகுந்தோறும் சிறிதாகுந்தோறும் அதனை அடையும் நேரம் கூடும் என 1954இல் போல் ஃபிற்ஸ் வகுத்த விதி இன்றும் எல்லா வகுப்பிலும் கற்பிக்கப்படுகின்றது. பணமெடுக்கும் வங்கி இயந்திரத்தை எடுத்துக்கொள்வோம். பணத்தை முன்னும் அட்டையைப் பின்னும் தந்தால், வந்த காரியம் முடிந்தது எனப் பணத்துடன் சென்று அட்டையை மறப்போர் பலர். அட்டையை எடுத்த பின்னரே பணம் வரும் என வரிசையை மாற்றினால் மறதி மறைகின்றது. மனிதனைத் திருத்தாது வரிசையைத் திருத்தினர். இது நூலிற் படித்து உணரக்கூடிய செய்தியே.

நூலிற் படித்து உணரமுடியாத பகுதி ஒன்றும் உண்டு. அங்கேதான் நம் மாணவர்க்குரிய தீர்மானம் அமைந்துள்ளது. இக்கட்டுரையாளனும் வெளிவாரியாகப் பட்டம் பெற்றவனே. 1858இல் இலண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரித் தேர்வினைத் திறந்துவைத்த நாள் தொட்டு, தொலைவிலிருந்து கற்றோரின் தகைமை பற்றி ஐயுறுவோரோடு நான் உடன்படுவதில்லை. ஆயினும் இத்துறையிற் பணிக்கூடமே வகுப்பறை. மாணவன் தான் வரைந்ததனைச் சுவரில் ஒட்டி நிற்க, ஆசிரியரும் உடன்மாணவரும் அதனைக் குறைகூறுவர். அவன் நிற்கும்போதே மற்றொருவன் அதனைக் கையாண்டு தடுமாறுவான். அத்தடுமாற்றத்தைக் கண்ணாற் காண்பதே கல்வி. இணையவழி வகுப்புகள் இன்று பல உள. அவற்றுள் நேரடித் திறனாய்வுக்கு இடமளிப்பனவற்றை மட்டுமே நான் பரிந்துரைப்பேன். பதிவுசெய்த விரிவுரைகளுக்காகப் பெருங்கட்டணம் செலுத்துதல் வீண்; அவ்விரிவுரைகளிற் கூறப்படுவன நூலகத்தில் உள.

செலவு பற்றியும் வெளிப்படையாகக் கூறுதல் வேண்டும். மேனாட்டு முதுமாணிக் கல்விக்காகக் காணியை ஈடுவைக்கும் பெற்றோரை நாம் அறிவோம். 2022ஆம் ஆண்டின் பிற்பகுதி முதல் பெரிய கணினி நிறுவனங்கள் ஆட்குறைப்பில் இறங்கின; புதிதாக வெளிவரும் வடிவமைப்பாளர் முதல் வேலை பெறுவது முன்னையிலும் கடினமாயிற்று. திரைகளை வரைந்து அடுக்கும் வேலையிற் பெரும்பகுதியைச் செயற்கை நுண்ணறிவும் செய்யத் தொடங்கிவிட்டது. மாந்தரின் இடர்ப்பாட்டினை நேரிற் சென்று கண்டறியும் வேலைக்கு அத்தகைய போட்டி இன்னும் எழவில்லை. எனவே திரை வரையும் மென்பொருட் பயிற்சியையே சிறப்பாகக் காட்டி விளம்பரஞ் செய்யும் வகுப்புக்காக ஈடுவைத்தல் தகாது என்பது என் துணிபு. வேலையில் இருப்போர் ஈரிரண்டு ஆண்டு அனுபவம் பெற்றபின் புலமைப்பரிசில் தேடிச் செல்வதே மேல்.

அனுமதிக்கு வேண்டுவது கணினிப் பட்டம் மட்டுமன்று. உளவியல், கட்டடக்கலை, நுண்கலை, மொழியியல் கற்றோரும் ஏற்றுக்கொள்ளப்படுகின்றனர். யாவரினும் வேண்டப்படுவது படைப்புத் தொகுப்பு. அதிலேதான் நம் மாணவர் பெரிதும் தவறுகின்றனர். அழகிய முடிந்த படங்களை அடுக்கி அனுப்புகின்றனர்; தெரிவாளர் காண விரும்புவதோ அப்படங்கள் பிறந்த வழியை. வைத்தியசாலை வெளிநோயாளர் பிரிவில் இலக்கச் சீட்டுடன் காத்திருப்போர் எங்கே குழம்புகின்றனர், முதியவர் ஒருவர் தொலைபேசிக்கு ரீலோட் செய்யும்போது எந்த இடத்திற் பேரப்பிள்ளையை அழைக்கின்றார் என்பன போன்ற ஒன்றினைப் பத்து நாள் நோக்கி, கண்டதனைக் குறித்து, தாளில் மாற்றுவழி வரைந்து, நால்வரிடம் கொடுத்துப் பார்த்து, தோற்ற வரைவுகளையும் மறைக்காது வைத்தல் வேண்டும். அத்தகைய ஆய்வுகள் மூன்று இருப்பின் போதும். ஐரோப்பிய, அமெரிக்கக் கல்லூரிகள் பலவற்றில் இலையுதிர்கால வகுப்புக்குரிய விண்ணப்பம் முந்திய மார்கழி, தை மாதங்களிலேயே முடிவடைந்துவிடுதலின், செல்லக் கருதுவோர் தொகுப்பு வேலையை அதற்கு ஓராண்டு முன்னரே தொடங்குதல் வேண்டும்.