சைக்கிள் லைட்: எத்தனை லூமன் வாங்கணும்?

ராத்திரி ரைடு பற்றிப் பேசிய எபிசோடுக்குப் பிறகு ஒரே கேள்வி திரும்பத் திரும்ப வருது: "ப்ரோ, சைக்கிளுக்கு எத்தனை லூமன் லைட் வாங்கலாம்?" கேட்ட எல்லோருமே முன்பக்க லைட்டைத்தான் கேட்டிருந்தார்கள். பின்பக்கம் பற்றி ஒருத்தர்கூட கேட்கவில்லை. அதனால் இன்னைக்கு நான் பின்னாடியிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

ஒரு சின்ன கணக்கு. ஈசிஆரில், கோவளம் தாண்டி, விடியற்காலை இருட்டில் மணிக்கு 20 கி.மீ. வேகத்தில் போகிறீர்கள். பின்னால் ஒரு கார் 80-ல் வருகிறது. வித்தியாசம் 60 கி.மீ., அதாவது நொடிக்கு கிட்டத்தட்ட 17 மீட்டர். கறுப்பு டி-ஷர்ட்டில், லைட் இல்லாமல் போகிற உங்களை அந்த டிரைவர் 30 மீட்டரில் பார்த்தார்னு வச்சுக்கோங்க. அவருக்கு இருப்பது 2 நொடிக்கும் குறைவு. கண்ணில் பட்டு, "என்னது அது?"னு புரிந்து, கால் பிரேக்குக்குப் போகவே ஒன்றரை நொடி ஓடிவிடும். அதே டிரைவர் ஒரு சிவப்பு லைட்டை 200 மீட்டரில் பார்த்துவிட்டால் 12 நொடி கிடைக்கிறது. இன்டிகேட்டர் போட்டு சாவகாசமாக ஒதுங்கிப் போகலாம். பின் லைட்டுக்குக் கொடுக்கிற காசு இந்த 10 நொடிக்கான விலை.

முன்னால் வருவதைப் பார்க்க உங்களுக்குக் கண் இருக்கிறது, பின்னால் எதுவும் இல்லை. அதனால் கையில் இருக்கிற பணம் ஒரு லைட்டுக்குத்தான் போதும் என்றால், யோசிக்காமல் முதலில் பின் லைட்டை வாங்குங்க. முன் லைட்டுக்கு அடுத்த மாசச் சம்பளம் வரட்டும். அதுவரைக்கும் ஸ்ட்ரீட் லைட் இருக்கிற ரோட்டிலேயே ஓட்டுங்க.

"ஓஎம்ஆர்ல தான் ஸ்ட்ரீட் லைட் இருக்கே, அங்கேயும் வேணுமா?" வேணும். 2017 ஏப்ரலில் இருந்து நம்ம ஊரில் விற்கிற புது பைக், ஸ்கூட்டர் எல்லாவற்றிலும் ஹெட்லைட் எப்போதும் எரியும், அணைக்க சுவிட்ச் கிடையாது. எதிரே இத்தனை ஹெட்லைட், முன்னாடி இத்தனை சிவப்பு டெயில் லைட். டிரைவரோட கண் வெளிச்சத்தைத் தேடியே பழகிவிடுகிறது. அதுக்கு நடுவில் வெளிச்சமே இல்லாத ஒரு சைக்கிள் வெறும் நிழல் மாதிரிதான் தெரியும்.

சைக்கிளோடு வருகிற ரிஃப்ளெக்டரைக் கழற்றிவிடாதீர்கள். ஸ்டைலுக்காக முதல் வேலையாக அதைத்தான் நிறைய பேர் கழற்றுகிறார்கள். பெடலில் இருக்கிற மஞ்சள் ரிஃப்ளெக்டர் ரொம்ப நல்ல விஷயம்: அது மேலும் கீழும் போய்வருவதைப் பார்த்ததுமே "சைக்கிள்"னு மூளைக்குப் புரிந்துவிடும். ஆனால் ரிஃப்ளெக்டர் தானாக எரியாது. இன்னொருத்தர் ஹெட்லைட் நேராக அதன் மேல் பட்டால்தான் உயிர் வரும். சந்திலிருந்து குறுக்கே திரும்புகிற வண்டிக்கு அது தெரியாது.

பின் லைட்டை எங்கே மாட்டுவது? சீட்டுக்குக் கீழே இருக்கிற கம்பியில், ரோட்டுக்கு இணையாக, நேராகப் பின்னால் பார்க்கிற மாதிரி. லைட் வாங்குவதைவிட இதில்தான் அதிகம் சொதப்பல் நடக்கிறது. சீட் பையில் தொங்கவிட்டால் லைட் தரையைப் பார்க்கும். நீளமான சட்டை, ரெயின்கோட், கேரியரில் கட்டிய சாமான், எது வேண்டுமானாலும் அதை மறைக்கும். பெருங்குடி சிக்னலில் தினமும் பார்க்கிறேன்: சைக்கிளில் உணவு டெலிவரி செய்கிற தம்பிகள் முதுகில் மாட்டியிருக்கிற பெரிய சதுரப் பை, சீட் கம்பியில் எரிகிற லைட்டை முழுசாக மூடிவிடுகிறது. கிளிப் வைத்த லைட் என்றால் பையின் பின்பக்கத்திலேயே மாட்டிக்கொள்ளலாம். உங்களுக்கு ஆர்டர் கொண்டு வருகிற தம்பிக்கு லைட் இல்லையென்றால், டிப்ஸுக்குப் பதிலாக ஒன்று வாங்கிக் கொடுத்தாலும் தப்பில்லை.

லைட்டை மாட்டிய பிறகு சைக்கிளை நண்பரிடம் கொடுத்து உட்காரச் சொல்லிவிட்டு, ஐம்பது அடி பின்னால் போய் நீங்களே ஒரு தடவை பாருங்க. ரெண்டு நிமிஷ வேலை.

அடுத்தது பிளிங்க் மோடா, நிலையாக எரியணுமா என்கிற பஞ்சாயத்து. நாடுகளுக்குள்ளேயே இதில் ஒத்த கருத்து இல்லை. ஜெர்மனியில் சைக்கிள் லைட் மின்னக்கூடாது. பிரிட்டனில் 2005-ல் இருந்து மின்னலாம், ஆனால் நொடிக்கு 1 முதல் 4 தடவைக்குள். இரண்டு பக்கமும் நியாயம் இருக்கிறது. மின்னுகிற லைட் சட்டென்று கவனத்தை இழுக்கும். ஆனால் அது எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, எவ்வளவு வேகத்தில் போகிறது என்று கணிப்பது கஷ்டம், ஏன்னா பாதி நேரம் அது இருட்டில் இருக்கிறது. என் சைக்கிளில் இரண்டு இருக்கிறது: சீட் கம்பியில் நிலையாக ஒன்று, ஹெல்மெட்டுக்குப் பின்னால் மெதுவாக மின்னுகிற சின்னது ஒன்று. ஒன்றில் சார்ஜ் தீர்ந்தாலும் இன்னொன்று எரியும். குரூப்பாகப் போகும்போது மட்டும் மின்னுவதை அணைச்சிடுங்க. உங்களுக்குப் பின்னால் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவருக்கு அது சித்திரவதை.

சரி, லூமனுக்கு வருவோம்.

தோட்டத்துக் குழாயை நினைச்சுக்கோங்க. நிமிஷத்துக்கு எவ்வளவு தண்ணீர் வருகிறது என்பதுதான் லூமன். அந்தத் தண்ணீர் செடி மேல் எவ்வளவு விழுகிறது என்பது லக்ஸ். குழாய் வாயில் கட்டைவிரலை வைத்தால் தண்ணீரின் அளவு கூடாது, ஆனால் தூரமாகப் பீய்ச்சும். லைட்டில் அந்தக் கட்டைவிரல் வேலையைச் செய்வது லென்ஸும் ரிஃப்ளெக்டர் கிண்ணமும்தான். 1000 லூமன் என்று அட்டையில் போட்டிருந்தாலும், அது வட்டமாகச் சிதறினால் பாதி வெளிச்சம் மரக்கிளைக்கும் எதிரே வருகிறவர் கண்ணுக்கும்தான் போகும். இன்னொன்று, தூரம் இரட்டிப்பானால் வெளிச்சம் நாலில் ஒரு பங்காகும். 10 மீட்டரில் 40 லக்ஸ் கிடைத்தால் 20 மீட்டரில் 10 தான்.

ஜெர்மன் விதி இந்த இடத்தில் புத்திசாலித்தனமானது. அவர்கள் லூமனைக் கேட்பதில்லை. 10 மீட்டரில் குறைந்தது 10 லக்ஸ் வேண்டும், மேல்பக்கம் போகிற வெளிச்சத்துக்கு உச்சவரம்பு உண்டு. கார் ஹெட்லைட் மாதிரியே மேலே வெட்டுக்கோடு போட்ட பீம். அந்த அனுமதி பெற்ற லைட்டில் அலை மாதிரி ஒரு கோடும், 'கே' எழுத்தும், ஒரு எண்ணும் பொறித்திருப்பார்கள். ஆன்லைனில் தேடினால் நம்ம ஊரிலும் கிடைக்கும், விலை கொஞ்சம் கூட. சர்வீஸ் ரோட்டில் ராங் சைடில் எதிரே வருகிற ஸ்கூட்டர்காரருக்குக் கண் கூசி, அவர் உங்கள் மேலேயே வந்து ஏறுவதைவிட அந்த விலை பரவாயில்லை.

எவ்வளவு தூரம் தெரிந்தால் போதும்? 25 கி.மீ. வேகத்தில் நொடிக்கு 7 மீட்டர் போகிறீர்கள். பள்ளத்தைப் பார்த்து உணர ஒன்றரை நொடி, சுமார் 10 மீட்டர். பிரேக் பிடித்து நிற்க காய்ந்த ரோட்டில் இன்னொரு 6 மீட்டர். ஆக 16, 17 மீட்டர். மழை ரோட்டில் இன்னும் அதிகம். வெள்ளை பெயின்ட் அடிக்காத ஸ்பீடு பிரேக்கரும், நடு ரோட்டில் படுத்திருக்கிற கறுப்பு நாயும் 20 மீட்டரில் தெரிந்தால் நீங்கள் பிழைத்தீர்கள்.

இப்போது அதை அளந்தே செட் பண்ணலாம். அபார்ட்மென்ட் பார்க்கிங்கில் ஒரு சுவருக்கு 5 மீட்டர் முன்னால் சைக்கிளை நிறுத்துங்க. லைட் தரையிலிருந்து 1 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, அதன் நடு வெளிச்சம் 20 மீட்டரில் தரையைத் தொட வேண்டும். அப்படியென்றால் 5 மீட்டருக்கு 25 சென்டிமீட்டர் இறங்கணும். சுவரில் 75 சென்டிமீட்டரில் சாக்பீஸால் கோடு போட்டு, வெளிச்சத்தின் நடுப்புள்ளியை அங்கே கொண்டுவாங்க. வட்ட பீம் கொண்ட டார்ச் வகை லைட் என்றால் இன்னும் கொஞ்சம் இறக்குங்க. வாட்ச்மேன் அண்ணன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

நகரத்துக்குள் 200 முதல் 300 லூமன் நன்றாகவே போதும். ஈசிஆர் மாதிரி இருட்டு ரோட்டுக்கு 500-க்கு மேல். அதற்கும் மேலே போனால் பேட்டரிதான் அழும்.

பேட்டரி பற்றி ஒரு பொய்யை நாம் வீட்டிலேயே கண்டுபிடிக்கலாம். தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் பெரிய லைட், "1000 லூமன், 10 மணி நேரம்"னு விளம்பரம். நல்ல எல்இடி ஒரு வாட்டுக்கு சுமார் 100 லூமன் தரும். ஆக 1000 லூமனுக்கு 10 வாட், 10 மணி நேரத்துக்கு 100 வாட்-ஹவர். அது லேப்டாப் பேட்டரி அளவைத் தாண்டுகிற சமாச்சாரம். இந்த லைட்களில் வழக்கமாக இருக்கிற 18650 செல் ஒன்றில், 3.7 வோல்ட், 2600 எம்ஏஹெச் என்றால், 10 வாட்-ஹவருக்கும் கொஞ்சம் குறைவுதான். அதாவது முழு வெளிச்சத்தில் ஒரு மணி நேரம். அந்த செல்லிலேயே "9900 எம்ஏஹெச்"னு எழுதியிருந்தால் கடையை மாத்துங்க. நல்ல கம்பெனி செல்லே 3500 பக்கம்தான். பெட்டியில் ஒவ்வொரு மோடுக்கும் எத்தனை லூமன், எத்தனை மணி நேரம் என்று தனித்தனியாக எழுதியிருக்கிற கம்பெனியை நம்பலாம்.

எங்க அப்பா காலத்தில் இந்தத் தலைவலி கிடையாது. டயரில் உரசுகிற டைனமோ, 6 வோல்ட், 3 வாட். சைக்கிள் நின்றால் லைட்டும் நின்றுவிடும், அவ்வளவுதான் குறை. லைட் இல்லாமல் டபுள்ஸ் போனால் போலீஸ் பிடித்துக் காற்றைப் பிடுங்கிவிடுவார்கள் என்று அவர் இன்னும் சொல்வார்.

மழைக்கு: ஐபிஎக்ஸ் 4 என்றால் தூறலும் தெறிப்பும் தாங்கும். நம்ம ஐப்பசி கார்த்திகை அடைமழைக்கு ஐபிஎக்ஸ் 6 இருந்தால் நிம்மதி. அதைவிட முக்கியம், சார்ஜிங் துளையை மூடுகிற அந்த ரப்பர் மூடி. கடையிலேயே நாலு தடவை திறந்து மூடிப் பாருங்க. லூசாக இருந்தால் எந்த எண்ணும் காப்பாற்றாது.

கடைசியாக ஒரு கேள்வி, மதுரையிலிருந்து ஒரு நண்பர்: "சக்கரத்துல கலர் கலரா எல்இடி மாட்டலாமா?" மாட்டுங்க, பார்க்க அழகாக இருக்கும், பக்கவாட்டில் தெரியவும் உதவும். ஆனால் முன்னால் வெள்ளை, பின்னால் சிவப்பு என்பதை மட்டும் மாற்றாதீர்கள். நீங்கள் எதிரே வருகிறீர்களா, முன்னால் போகிறீர்களா என்று தூரத்தில் இருக்கிறவருக்கு அந்த நிறம்தான் சொல்கிறது.

அடுத்த வாரம் பங்க்சர். ட்யூபை மாற்றுவதா, ஒட்டுவதா என்று பேசுவோம்.