மௌனமும் மரணமும்: வழங்கிக் கொத்தின் பழுதாய்வு
மூன்று வழங்கிகள் கொண்ட கொத்தில் ஒன்று மௌனமாகிவிடின், அதில் இயங்கிய மெய்நிகர்க் கணினி பிறிதொன்றில் மீளத் தொடங்கப்படும். ஆயின், மௌனம் மரணமன்று. வலையமைப்பு மட்டுமே அறுந்திருப்பின், அவ்வழங்கி தனித்து இயங்கிக்கொண்டிருத்தலுங் கூடும். அந்நிலையில் இரு பிரதிகள் ஒரே சேமிப்பகத்தில் ஒருங்கே எழுத, தரவுகள் சிதைவுறும். இதனைத் தடுப்பதே பெரும்பான்மை விதியின் நோக்கமாகும்: 3 வாக்குகளில் 2 பெற்ற பகுதி இயங்கும், தனித்த வழங்கி தன் பணியை நிறுத்திக்கொள்ளும். 4 வழங்கிகள் இரண்டிரண்டாகப் பிரியின், மேலதிக வாக்கொன்று இல்லாதவிடத்து, இரு பகுதிகளும் நின்றுவிடும்.

எனவே, மெய்நிகர்க் கணினி மீளத் தொடங்காதபோது முதலில் வாக்குகளையும் அடுத்து வலையமைப்பையும் ஆராய்தல் வேண்டும். வேண்டிய வாக்கெண்ணிக்கையைக் குறைத்து அதனை வலிந்து இயக்குதல், மௌனித்த வழங்கியின் மின்னிணைப்புத் துண்டிக்கப்பட்டமை உறுதியான பின்னரே தகும். சிறிதுநேரச் சேவையிழப்பு ஈடுசெய்யத்தக்கது. சிதைந்த தரவோ அத்தகையதன்று.